பழைய கார் மறுசீரமைப்பு: எந்தப் பாகத்துக்கு பவுடர் கோட்டிங், எந்தப் பாகத்துக்கு பெயின்ட்?

பவுடரா பெயின்டா என்று பெரும்பாலோர் கேட்பது பாகங்களை பிளாஸ்டிங் (துகளை வேகமாக அடித்துத் துருவும் பழைய பெயின்ட்டும் எடுப்பது) முடித்துக் கொண்டுவந்து ஷெட்டில் போட்ட பிறகுதான். அதற்குள் முக்கால்வாசி முடிவு கையைவிட்டுப் போயிருக்கும். புது ரப்பர் புஷ் அடித்தாகிவிட்டது, துளையை நிரப்ப பட்டி வைத்தாகிவிட்டது, பட்டை ஸ்பிரிங்கை ஆசிட் தொட்டியில் முக்கியாகிவிட்டது. ஆகவே இங்கே சொல்வதில் பாதிக்குமேல் வரிசையைப் பற்றியது.

உதாரணத்துக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் தயாரான வண்டி என்பதால் தமிழ்நாட்டில் இன்னும் பல ஷெட்டுகளில் கிடக்கிறது. பாடி தனி, சேஸிஸ் தனி என்பதால் இந்தக் கேள்வியின் எல்லாச் சிக்கலும் இதில் வந்துவிடும். அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் தனி சேஸிஸ் கிடையாது. அந்தப் பகுதியை விட்டுவிட்டு மற்றதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நான் பிடித்துக்கொள்ளும் விதி ஒன்றுதான்: பவுடர் என்பது வேலை முடிந்த பாகத்துக்கு. இனி வெல்டிங் இல்லை, தட்டல் இல்லை, உரசல் இல்லை என்று சத்தியம் பண்ண முடிந்தால் மட்டும் அந்தப் பாகம் ஓவனுக்குப் போகலாம்.

1. இரண்டும் உலோகத்தின் மேல் எப்படி உட்காருகின்றன

பவுடர் கோட்டிங்கில் மின்னேற்றம் கொடுத்த பொடி, எர்த் செய்த உலோகத்தில் போய் ஒட்டும். பிறகு ஓவனில் 180 முதல் 200 டிகிரி சூட்டில் உருகி, ஒரே தோலாக இறுகும். ஒரு கோட்டின் கனம் பொதுவாக 60 முதல் 80 மைக்ரான். இரண்டு கோட் என்றால் 120-ஐத் தாண்டலாம்.

பெயின்ட் அடுக்கடுக்காக ஏறுகிறது. ஒவ்வொரு அடுக்கையும் உப்புத்தாள் போட்டுச் சமன் செய்யலாம், பள்ளத்தை நிரப்பலாம், ஐந்து வருடம் கழித்து ஓர் ஓரத்தை மட்டும் திருத்தலாம்.

பவுடரில் அது முடியாது. கிரைண்டர் வைத்தால் சூட்டில் இளகி டிஸ்க்கில் அப்பிக்கொள்ளும். சாதாரண தின்னர் அசைக்காது. எரித்தோ, கடுமையான ரசாயனத்தில் ஊறவைத்தோதான் எடுக்க வேண்டும். ‘எது உறுதி’ என்று கேட்டால் பவுடர் என்றுதான் பதில் வரும். ‘எதைத் திருத்த முடியும்’ என்பது அதைவிடப் பயனுள்ள கேள்வி.

2. பிரிக்கும்போதே மூன்று குவியல்

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இது 200 டிகிரியைத் தாங்குமா? இதில் இனி வெல்டிங்கோ டிங்கரிங்கோ உண்டா? இதில் விரிசல் விட்டால் எனக்குக் கண்ணில் பட வேண்டுமா?

முதல் குவியல், கவலையின்றி பவுடருக்குப் போகிறவை: பேட்டரி தட்டு, பம்பர் பிராக்கெட், சீட் ஃபிரேம், பெடல்கள், ஏர் ஃபில்டர் டப்பா, தகட்டாலான டேப்பட் கவர், பிரேக் பேக்கிங் பிளேட், ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம், எஃகு வீல் டிஸ்க். இவை தனித்தனியாகக் கழன்று வருபவை, அடிக்கடி கை படுபவை. பவுடரின் முரட்டுத்தனம் இங்கேதான் பலன் தரும்.

இரண்டாவது குவியல் பெயின்ட்டுக்கு: பாடி முழுவதும், கதவு, பானெட், எஞ்சின் பிளாக், பட்டை ஸ்பிரிங், ஸ்டீயரிங் ஆர்ம், முன்சக்கரத்தைத் தாங்கும் வெர்டிகல் லிங்க். கடைசி இரண்டும் உடைந்தால் ஆள் போய்விடும். மெல்லிய பெயின்ட்டில் மயிரிழை விரிசல் சீக்கிரம் தெரியும். கனமான பவுடர் தோல் அதை மூடிவைக்கும். சஸ்பென்ஷன் ஆர்முக்கு பவுடர் அடிப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. அடிப்பதானால் முதலில் விரிசல் சோதனைத் திரவம் அடித்துப் பார்த்துவிட்டு அடியுங்கள்.

மூன்றாவது குவியல் எதுவும் பூசக்கூடாதவை: பேரிங் உட்காரும் இடங்கள், மரைகள், கார்புரேட்டர். இவற்றுக்கு ஓர் எண்ணெய்த் துணியும் டப்பாவும் போதும்.

3. ஓவனுக்குள் போகவே கூடாதவை

புதியவர்கள் பணத்தையும் பாகத்தையும் சேர்த்து இழப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே.

ரேடியேட்டர். பழைய வண்டியின் செம்பு-பித்தளை ரேடியேட்டர் ஈயப்பற்றால் ஒட்டப்பட்டது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், ஓவன் 200. தப்பித்தவறி ஒழுகாமல் வந்தாலும், துடுப்புகளின் மேல் ஏறிய கனத்த தோல் சூடு வெளியேறுவதைத் தடுக்கும். மெல்லிய கறுப்பு பெயின்ட் ஒரு தூவல் போதும்.

பெட்ரோல் டேங்க். பல வருடம் காலியாகக் கிடந்த டேங்கிலும் ஆவி தங்கியிருக்கும். ஓவனில் வைத்தால் வெடிக்கும். இதன் மூட்டுகளிலும் ஈயப்பற்று இருக்க வாய்ப்புண்டு.

ஷாக் அப்சார்பர். உள்ளே எண்ணெய் அடைத்து மூடிய பாகம். சூட்டில் அழுத்தம் ஏறி சீல் பிய்ந்துவிடும், வெடிக்கவும் செய்யலாம். உடம்பைச் சுரண்டிவிட்டு பெயின்ட் அடியுங்கள்.

ரப்பர் புஷ்ஷோடு இருக்கும் எந்த ஆர்மும். புஷ்ஷைப் பிரஸ்ஸில் தள்ளி எடுத்த பிறகே அனுப்ப வேண்டும். ‘பழைய புஷ்தானே, இருக்கட்டும்’ என்று விட்டால் எரிந்த ரப்பரின் எண்ணெய் கசிந்து சுற்றுவட்டாரக் கோட்டிங்கைக் கெடுக்கும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட்டுக்கும் இதே கதை: கிரீஸ் உருகி வழியும்.

பட்டி வைத்த எதுவும். சாதாரண பாடி பட்டி 200 டிகிரியில் குமிழ்விட்டுப் பிளக்கும். பழைய ரிப்பேரில் ஈயம் நிரப்பியிருந்தால் அது இளகி வழியும். பழைய பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத தகட்டை, பிளாஸ்டிங் முடிந்து பார்க்கும்வரை பவுடர் குவியலில் சேர்க்காதீர்கள்.

ஹெரால்டின் பின்பக்கக் குறுக்குப் பட்டை ஸ்பிரிங். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி நகர்பவை. இடையில் பவுடர் இருந்தால் உரிந்து தூளாகும். அதைவிடப் பெரிய ஆபத்து ஆசிட். ஸ்பிரிங் எஃகையும் ஹை-டென்சைல் போல்ட்டையும் ஆசிட் தொட்டியில் போட்டால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து உலோகத்தை நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுவரும். வெளியே ஒன்றும் தெரியாது. பாரம் ஏறிய பிறகு ஒருநாள் படீரென்று விட்டுப்போகும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். சாதாரண பாலியஸ்டர் பவுடர் அந்தச் சூட்டில் கருகிவிடும். அதற்கென்று உள்ள சிலிகான் வகை ஹீட் பெயின்ட் வேண்டும்.

4. சேஸிஸுக்கு எது?

அதிகம் சண்டை நடக்கும் இடம் இது. முழு சேஸிஸையும் பவுடர் அடித்துத் தொங்கவிட்ட படம் அழகாகத்தான் இருக்கும். என் ஓட்டு பெயின்ட்டுக்கு.

முதல் காரணம், கல்லடி. சாலையில் தெறிக்கும் கல் பவுடர் தோலை ஓரிடத்தில் பிளந்தால், ஈரம் அந்த வழியாக உள்ளே போய்த் தோலுக்கும் உலோகத்துக்கும் இடையில் ஊர்ந்து பரவும். மேலே பளபளப்பு அப்படியே இருக்க, அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு ஓடியிருக்கும். பெயின்ட்டிலும் துரு வரும். ஆனால் வந்த இடத்திலேயே செம்மண் நிறத்தில் எட்டிப்பார்க்கும், சுரண்டித் தொட்டுவிடலாம்.

இரண்டாவது, ஹெரால்ட் சேஸிஸ் நிறைய வெல்டு மூட்டுகளும், பாடியைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் பெட்டிக் கைகளும் கொண்டது. உட்கோணங்களில் மின்புலம் நுழையாது. பொடி விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டு மூலையை விட்டுவிடும். துருப் பிடிப்பதும் அதே மூலைதான். பெயின்ட்டாக இருந்தால் முதலில் பிரஷ்ஷால் மூலைகளிலும் வெல்டு வரிகளிலும் பெயின்ட்டைப் பூசிவிட்டுப் பிறகு ஸ்பிரே கன் பிடிக்கலாம்.

மூன்றாவது, பாடியை இறக்கி வைத்த பிறகு ஒரு பிராக்கெட்டையாவது நகர்த்தி வெல்டு வைக்க நேரும். கதவு இடைவெளி சரியாக வராத ஹெரால்டில் இது ஏறக்குறைய நிச்சயம்.

பவுடர்தான் வேண்டுமென்றால், துத்தநாகம் கலந்த எபாக்ஸி பிரைமர் பவுடர் ஒரு கோட், அதன்மேல் பாலியஸ்டர் ஒரு கோட் என்று கேளுங்கள். வெறும் ஒரு கோட் கறுப்பு சேஸிஸுக்குப் போதாது. எதை அடித்தாலும் பெட்டிகளின் உட்புறம் பூசப்படாமலே இருக்கும். அங்கே நீண்ட குழாய் நுழைத்து கேவிட்டி வாக்ஸ் அடிப்பது தனி வேலை. அதை எல்லா வெல்டிங்கும் முடிந்த பிறகே செய்ய வேண்டும், மெழுகு எரியும்.

5. பொருத்திப் பார்த்துவிட்டு மறுபடி கழற்றுங்கள்

பாடி, சேஸிஸ், கதவு, பானெட் எல்லாவற்றையும் வெற்று உலோகமாகவோ பிரைமரிலோ ஒருமுறை மாட்டிப் பாருங்கள். புது சீட் பெல்ட் போல்ட், ஃபியூஸ் பாக்ஸ், ஹாரன் ரிலே என்று போட நினைக்கும் எல்லாத் துளைகளையும் அப்போதே போட்டுவிடுங்கள். பூசிய பிறகு டிரில் வைத்தால் துளையின் விளிம்பில் பவுடர் செதிலாகப் பெயரும்.

பிறகு படம் எடுத்து, பட்டியல் எழுதி, கழற்றுங்கள். அட்டைத் துண்டு கட்டினால் ஓவனில் சாம்பலாகிவிடும். அலுமினியத் தகட்டில் எண் குத்தி இரும்புக் கம்பியால் கட்டுங்கள். சின்ன பிராக்கெட்டுகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். கோட்டிங் கடையில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கிரில்லும் ஜன்னலும் தொங்கும். உங்கள் விரல் நீளத் துண்டைத் தேட யாருக்கும் நேரம் இருக்காது.

6. சுத்தம் செய்யும் வரிசை

முதலில் கிரீஸ், பிறகுதான் பிளாஸ்டிங். எண்ணெய்ப் பிசுக்கோடு பிளாஸ்ட் செய்தால் துகள் அதை உலோகத்தின் நுண்துளைகளுக்குள் அடித்து ஏற்றிவிடும், கோட்டிங்கில் மீன்கண் போலப் புள்ளிகள் வரும். மண்ணெண்ணெயில் கழுவினால் போதாது; அதுவே ஒரு படலம் விடும். காரக் கரைசலில் கழுவி, தண்ணீர் விட்டு, காய வையுங்கள்.

சேஸிஸுக்கும் பிராக்கெட்டுக்கும் கார்னெட் அல்லது ஸ்டீல் கிரிட் நல்லது. ஆற்று மணலால் அடிக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன; அந்தத் தூசி நுரையீரலை அழிக்கும், அங்கே நிற்காதீர்கள். கதவுத் தகடு, பானெட் போன்ற அகலமான மெல்லிய பரப்பைக் கடுமையாக அடித்தால் நெளிந்துவிடும். அவற்றுக்குப் பெயின்ட் ரிமூவரும் உப்புத்தாளும்தான்.

பிளாஸ்டிங் முடிந்ததும் துருத் துளைகள் கண்ணுக்குத் தெரியும். வெல்டிங்கை முடித்து, அந்த இடங்களை மறுபடி லேசாக அடியுங்கள். அதன்பின் வெறும் கையால் தொட வேண்டாம். வியர்வை உப்பு ரேகையோடு துருவாகும். கடற்கரை ஊர்களில் வெற்று எஃகு ஓர் இரவு தாங்காது. பிளாஸ்டிங் நடக்கும் அன்றே பூச்சு என்று நாளை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

கோட்டிங் கடைகளில் ‘செவன் டேங்க்’ என்பார்கள்: கிரீஸ் எடுத்தல், துரு எடுக்கும் ஆசிட், பாஸ்பேட், நடுநடுவே கழுவல். தட்டையான பிராக்கெட்டுக்கு அருமையான முறை. மடிப்புத் தகடும் மூடிய பெட்டியும் உள்ள பாகத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன். மடிப்புக்குள் புகுந்த ஆசிட் கழுவலில் முழுக்க வெளியேறாது. மாதங்கள் கழித்து மடிப்பு விளிம்பில் மஞ்சள் கசிவாகத் தலைகாட்டும். அப்படிப்பட்ட பாகத்துக்கு பிளாஸ்டிங் மட்டும் போதும்.

7. மறைக்க வேண்டிய இடங்களை நீங்களே மறையுங்கள்

கடைக்காரருக்கு ஜன்னல் கிரில் தெரியும்; உங்கள் வண்டியின் எந்தப் பரப்பு எதோடு உட்காரும் என்று தெரியாது. அவர்மேல் குற்றமில்லை. 200 டிகிரி தாங்கும் பச்சை பாலியஸ்டர் டேப்பும் சிலிகான் பிளக்கும் வாங்கிக்கொள்ளுங்கள். பெயின்ட் கடையில் விற்கும் சாதாரண மாஸ்கிங் டேப் கருகி, அதன் பசை நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும்.

மரைகளில் பழைய போல்ட்டைத் திருகி விடலாம். ஹெரால்டின் வெர்டிகல் லிங்க் கீழே பித்தளை ட்ரனியன் என்னும் தாங்கிக்குள் மரையாகத் திருகி நிற்கும், எண்ணெயில் திரும்பும். அந்த மரையில் பூச்சு ஏறினால் இறுகி, வளைவில் லிங்க்கே முறியும் நிலை வரும். நான் அதை பவுடருக்கு அனுப்புவதே இல்லை. யாராவது அனுப்புவதானால் மரையை முழுக்க மூட வேண்டும்.

போல்ட் இறுகும் முகங்கள் அடுத்தது. போல்ட் தலைக்கு அடியில் 80 மைக்ரான் பவுடர் இருந்தால் அழுத்தத்திலும் சூட்டிலும் அது மெல்ல நசுங்கும், முறுக்கம் குறையும். சஸ்பென்ஷன் ஆர்ம், ஸ்டீயரிங் ரேக் கிளாம்ப், எஞ்சின் மவுன்ட், வீல் டிஸ்க்கின் பின்முகம், வீல் நட் உட்காரும் கூம்பு எல்லாவற்றையும் மறையுங்கள். பிறகு அங்கே மெல்லிய பிரைமர் ஒரு பூச்சு போதும்.

பிரேக் பேக்கிங் பிளேட்டில் ஷூ உரசும் மேடுகளையும், வீல் சிலிண்டர் உட்காரும் துளையையும் மூடுங்கள். சிலிண்டர் சறுக்கும் வகை என்றால் இது கட்டாயம். பவுடர் ஏறினால் சிலிண்டர் சிக்கி ஒரு ஷூ மட்டும் தேயும்.

எர்த் இடங்கள். பவுடர் நல்ல மின்காப்பு. வண்டி முடிந்து லைட் மங்கலாக எரிகிறது, இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் மினுக்குகிறது என்று வயரிங்கைப் பிரிக்கும் பலருக்கும் வியாதி எர்த் போல்ட்டுக்கு அடியில்தான் இருக்கும்.

கடைசியாக சேஸிஸ் நம்பர். ஆர்.டி.ஓ. வேலைக்குப் பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பார்கள். கனமான பூச்சு எழுத்தை நிரப்பிவிட்டால் படி விழாது. பிறகு சுரண்டினால் எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகம் வரும். அந்த இடத்தை மறைத்து, பிறகு மெல்லிய பிரைமரும் கிரீஸும் போடுங்கள்.

8. கோட்டிங் கடையில் என்ன சொல்வது

எபாக்ஸி பவுடர் துருவுக்கு நல்லது, வெயிலில் வெளுத்துப் பொடியும். வெளியே தெரியும் பாகத்துக்கு பாலியஸ்டர் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சும்மா ‘கறுப்பு’ என்றால் அன்று கன்னில் இருக்கும் கறுப்புதான் வரும். பழைய வண்டியின் அடிப்பாகங்கள் கண்ணாடிபோல மின்னியதில்லை. அரைப் பளபளப்பு கேளுங்கள், ஒரு துண்டுத் தகட்டில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஓவன் மீட்டர் காட்டுவது காற்றின் சூடு. முக்கியமானது உலோகம் 200 டிகிரிக்கு வந்த பிறகு சுமார் 10 நிமிடம் நிற்பது. கனத்த வார்ப்பையும் மெல்லிய தகட்டையும் ஒரே சுற்றில் வைத்தால் ஒன்று வேகாது, மற்றொன்று கருகும். கனம் பார்த்துப் பிரித்து அடுக்கிக் கொடுங்கள். வார்ப்பிரும்பு, அலுமினிய வார்ப்பு என்றால் பூசுவதற்கு முன் ஒருமுறை வெறுமனே கூடுதல் சூட்டில் வாட்டச் சொல்லுங்கள். நுண்துளைகளில் உள்ள காற்றும் எண்ணெயும் அப்போதே வெளியேறும், இல்லையென்றால் பூச்சில் குமிழாக வரும்.

இரண்டு கோட் என்றால் முதல் கோட்டை முழுதாக வேக விடக்கூடாது. அரைப்பதத்தில் எடுத்து இரண்டாவதை அடித்தால்தான் இரண்டும் பிணையும்.

9. பெயின்ட் குவியல்

எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், அதன்மேல் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட். பிரைமர் டப்பாவில் அடுத்த கோட்டுக்கான நேர வரம்பு போட்டிருக்கும். அதற்குள் அடித்தால் உரசாமலே பிடிக்கும். தாண்டினால் உப்புத்தாள் போட்டே ஆக வேண்டும். பட்டியை வெற்று உலோகத்தின் மேல் வைப்பதைவிட எபாக்ஸி பிரைமரின் மேல் வைப்பது நல்லது, ஈரம் அடிக்குப் போகாது.

மழைக்கால ஈரத்தில் பி.யூ. அடிக்காதீர்கள். ஹார்டனர் ஈரத்தோடு வினைபுரிந்து குமிழ்விடும். அந்த ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு வெளிக்காற்று வரும் முகமூடி வாங்குங்கள். முடியாவிட்டால் பூத் உள்ளவரிடம் கொடுங்கள்.

நிறத்தை மாற்றுவதாக இருந்தால் ஆர்.சி.யில் உள்ள நிறமும் மாற வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

10. வாங்கும்போது சோதனை, மாட்டும்போது நிதானம்

கடையை விட்டுக் கிளம்பும் முன் தெரியாத ஓரத்தில் தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் ஐம்பது முறை அழுத்தித் தேயுங்கள். பளபளப்பு கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை. மேற்பரப்பு இளகி நிறம் திரளாகத் துணியில் வந்தால் வேகவில்லை. அங்கேயே திருப்பிக் கொடுங்கள். மைக்ரான் மீட்டர் கேட்டு மூலையிலும் நடுவிலும் அளந்து பாருங்கள்.

பி.யூ. அடித்த பாகத்தைக் கையில் ஒட்டவில்லை என்பதற்காக உடனே மாட்டாதீர்கள். ஒரு வாரமாவது இறுகட்டும். அவசரப்பட்டால் வாஷர் தடம் பதிந்து பெயின்ட் சுருளும். ஸ்பேனர் படும் இடங்களில் டேப் ஒட்டிக்கொண்டு மாட்டுங்கள்.

வண்டி ஓடத் தொடங்கியதும் முதல் 50 கிலோமீட்டரில் வீல் நட்டுகளையும், 500-க்குள் சஸ்பென்ஷன், பாடி மவுன்ட் போல்ட்டுகளையும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். பவுடர் பாகத்தில் கல்லடி கண்டால் பளபளப்பை நம்பாமல், விளிம்பைக் கத்தி நுனியால் தூக்கிப் பாருங்கள். பிரியும்வரை உரித்துவிட்டு, பிடித்து நிற்கும் விளிம்பை 320 உப்புத்தாளில் சரித்து, எபாக்ஸி பிரைமரும் பி.யூ.வும் தொட்டுவிடுங்கள். நிறம் துல்லியமாகச் சேராது. வண்டிக்கு அடியில் அது ஒரு பொருட்டில்லை.